ரோமான்யா மலையில் ஒரு கடலடி

ஆழ்கடலின் தரையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆல்வின் போன்ற நீர்மூழ்கியில் இடம் பிடிக்க வேண்டும். அதில் ஏறுவது மூன்றே பேர். அதிலும் ஒருவர் ஓட்டுநர். மிச்சமிருக்கும் இரண்டு இடங்களுக்கு உலகத்துக் கடலாய்வாளர்கள் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பத்திரிகைக்கு எழுதுகிற ஆளுக்கு அந்த வரிசையில் நிற்கவே தகுதி இல்லை. ஆனால் பூமி சில இடங்களில் தயவு காட்டியிருக்கிறது. கடலடியை மடித்து, உயர்த்தி, மலையாக்கி வைத்திருக்கிறது. மனிதன் அதன்மேல் திராட்சை நட்டு, மாதா கோயில் கட்டி, தார்ச்சாலையும் போட்டுவிட்டான். வட இத்தாலியின் அப்பெனைன் மலை அப்படிப்பட்டது. அங்கே பழங்காலத்து மீத்தேன் ஊற்றுகள் கல்லாகிக் கிடக்கின்றன. கொஞ்ச தூரத்தில் இன்னும் குமிழிவிடுகிற ஊற்றும் இருக்கிறது. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மீத்தேன் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதும் இத்தாலியில்தான். எனவே பயணத்தை அங்கிருந்தே தொடங்குவது முறை என்று பட்டது. மிலானுக்கு வடமேற்கே மஜ்ஜோரே ஏரி. அதன் தென்கரையில் ஆஞ்சேரா என்ற சிற்றூர். ஊருக்கு மேலே பொர்ரொமேயோ குடும்பத்தின் பழைய கோட்டை. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் நேரே அங்கேதான் ஏறுகிறார்கள். எனக்கு வேண்டியது கரையை ஒட்டியிருக்கும் பார்த்தேகொரா என்கிற குட்டித் தீவும், அதைச் சுற்றியுள்ள நாணலும் சேறும்.

1776 நவம்பரில் இந்தச் சேற்றைக் கிளறியவர் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா. அப்போது அவருக்கு 31 வயது, கோமோவில் ஆசிரியர். மின்கலம் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஆறுகளின் நீர்ப்பரப்பு தீப்பற்றி எரிவதாக பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதியிருந்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது. பாதிரியார் கார்லோ கம்பி சான் கொலம்பானோவில் எரிகிற காற்றுள்ள ஓர் ஊற்றைக் கண்டு சொல்லியிருந்தார். வோல்ட்டா படகில் போய்க் குச்சியால் சேற்றைக் குத்தினார். மேலே வந்த குமிழிகளை, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். நெருப்புக் காட்டினால் நீலச் சுடரோடு நிதானமாக எரிந்தது. உலோகத்தின் மேல் அமிலம் ஊற்றிப் பெறும் ஹைட்ரஜன் படாரென்று எரியும். இது வேறு ஜாதி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பிக்கு எழுதிய கடிதங்களாகவே முழு ஆராய்ச்சியையும் எழுதி 1777-இல் மிலானில் அச்சிட்டார். அந்தக் கால விஞ்ஞானிகளின் இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்தது. கடிதத்தில் எழுதுகிறவன் எதிரே இருப்பவருக்குப் புரிகிற மாதிரிதான் எழுதியாக வேண்டும்.

நானும் கரையில் கிடந்த குச்சியை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன். இருநூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்தும் குமிழி வந்தது.

மீத்தேன் என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் டீக்கடை வரை கொண்டுபோனது மன்னார்குடித் திட்டம். அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கும்போதே 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இறந்தார். அங்கே பேச்சு நிலக்கரிப் படுகையைத் துளைத்து எடுக்கும் வாயு பற்றியது. ஆஞ்சேராவில் யாரும் துளைக்கவில்லை. அழுகிய இலையும் நாணலும் சேற்றுக்குள் மூச்சுக்குக் காற்றில்லாமல் கிடக்கும்போது, ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் அவற்றின் கடைசி மிச்சத்தையும் மீத்தேனாக மாற்றிவிடுகின்றன. இந்தக் கரையோரம் ஆழமற்றது, ஏரியின் நீர் நன்னீர். வாயு நேரே மேலேறிக் காற்றில் கலந்துவிடும். வழிமறிக்க ஆளில்லை.

கடலில் வழிமறிக்க ஆள் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. நன்னீரில் அது மிகச் சொற்பம். இந்தப் பயணத்தில் நான் பார்த்த கல் எல்லாம் அந்தச் சல்பேட்டினால் வந்தது.

ஏரியிலிருந்து தென்கிழக்கே ரெஜியோ எமிலியாவுக்கு ரயில். போ சமவெளி முழுக்க மூடுபனி. ஜன்னலில் பார்க்க எதுவும் இல்லை. சொல்லவும் எதுவும் இல்லை. நிலையத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் காரோடு காத்திருந்தார். அந்தப் பக்கத்து டைல்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் வேலை. சஸ்ஸுவோலோ, ஃபியோரானோ சுற்றுவட்டாரம்தான் இத்தாலியின் டைல்ஸ் தலைநகரம். மலையடிவாரத்துக் களிமண் தொடங்கிவைத்த தொழில் அது. பக்கத்து ஊர் மரனெல்லோ; ஃபெராரி கார் பிறக்கும் இடம். நாங்கள் போகும்போது சோதனைத் தடத்திலிருந்து இன்ஜின் உறுமல் கேட்டது. சாலையோரம் கேமராவோடு ஒரு கூட்டம். நண்பர் வண்டியை நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை.

தடத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே நிரானோ. 1982 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பகம். அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்துக்குள் சாம்பல் நிறக் கூம்புகள் நிற்கின்றன. சில என் தோள் உயரம். சில வெறும் குழிகள். ஒவ்வொன்றின் வாயிலும் சேறு மெல்ல உப்பி, குமிழி வெடித்து, அடங்கி, மறுபடி உப்புகிறது. வழிந்த சேறு காய்ந்து வெடித்திருக்கிறது; ஓரங்களில் உப்புப் பூத்திருக்கிறது. கடற்கரைச் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல், கடலிலிருந்து இத்தனை தூரம் தள்ளி இங்கே வளர்கிறது. மண்ணெண்ணெய் வாடை லேசாக வந்து போனது.

"அண்ணை, இதென்ன, சேறு கொதிக்குதே?"

"கொதிக்கலை. பாதையை ஒட்டி வழிஞ்சு கிடக்கிறதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். "குளிருது!" என்று கையை உதறினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா உளுத்தங்களி கிண்டேக்க இப்பிடித்தான் மூச்சு விடும்" என்றார். அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

இது எரிமலை அல்ல. இங்கே நெருப்புக் குழம்பு எதுவும் கிடையாது. ஆப்பிரிக்கத் தட்டுக்கும் ஐரோப்பியத் தட்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஏட்ரியாட்டிக் நிலத்துண்டு அப்பெனைனுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. அதன் மேலிருந்த கடல்வண்டல் சுரண்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுதான் இந்த மலை. நசுக்கப்படும் வண்டலுக்குள் அடைபட்ட பழைய கடல்நீருக்குப் போக்கிடம் வேண்டும். ஆழத்தில் சூடேறிய கரிமப் பொருள் உடைந்து உண்டான மீத்தேனுக்கும் வேண்டும். இரண்டும் பிளவுகளைப் பிடித்துக்கொண்டு மேலே வருகின்றன. வழியில் நீலக் களிமண் படுகையைக் கரைத்துக்கொண்டு வருவதால் சேறு. உப்பு அந்தப் பழைய கடலின் உப்பு. வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்.

ரோமானியர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கி.மு. 91-இல் மொதெனா வட்டாரத்தில் இரண்டு மலைகள் ஒன்றோடொன்று மோதி விலகியதாகவும், நடுவில் தீயும் புகையும் எழுந்ததாகவும், எமிலியா நெடுஞ்சாலையில் நின்ற பெருங்கூட்டம் அதைப் பார்த்ததாகவும் மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். பக்கத்திலுள்ள மோந்தேஜிப்பியோ சேற்று எரிமலை பெரிதாகப் பொங்கியதைத்தான் அவர் சொல்கிறார் என்பது பலரின் கருத்து. மலைகள் மோதியதைத் தள்ளுபடி செய்துவிட்டாலும் மீதியை நம்பலாம். இந்த ஊற்றுகள் பெரும்பாலும் சாது. எப்போதாவது ஆளைக் கொல்லும். சிசிலியில் அரகோனாவுக்கு அருகே இதே வகைச் சேற்று எரிமலை 2014 செப்டம்பரில் திடீரென வெடித்ததில் பார்க்கப் போயிருந்த இரண்டு குழந்தைகள் புதைந்து இறந்தார்கள். நிரானோவில் குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பதைச் சும்மா அலங்காரம் என்று நினைக்க வேண்டாம்.

கடலடியிலும் இதே கூம்புகள் உண்டு. அளவுதான் பெரிது, கிலோமீட்டர் கணக்கில் அகலம். கிரீட் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இரண்டு சேற்று எரிமலைகளுக்கு ஆய்வாளர்கள் மிலானோ, நாப்போலி என்று பெயர் வைத்து, 1995-இல் கப்பலிலிருந்து துளையும் போட்டார்கள். நகரத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆழத்தில் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. குளிரும் அழுத்தமும் போதுமான அளவுக்கு இருந்தால் நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி மீத்தேனை உள்ளே பூட்டிக்கொள்ளும். பனிக்கட்டி போலத் தெரியும். தீக்குச்சி கிழித்து வைத்தால் எரியும். அதுதான் மீத்தேன் ஹைட்ரேட். ஒரு கனமீட்டர் ஹைட்ரேட்டுக்குள் ஏறத்தாழ 164 கனமீட்டர் வாயு அடங்கியிருக்கிறது. பெருங்கடல்களில் சுமார் 500 மீட்டர் ஆழத்திலேயே இது நிலைக்கும். மத்தியதரைக் கடலின் அடிநீர் இன்று 13 டிகிரிச் சூட்டில் இருப்பதால், இங்கே ஆயிரம் மீட்டருக்கும் கீழே போனால்தான் உண்டு.

மறுநாள் தென்கிழக்கே ரோமான்யா. போகிற வழியில் த்ரெதோட்சியோ அருகே மோந்தே பூஸ்காவில் ஒரு வயலோரத்தில் நின்றோம். கல் குவியலுக்கு நடுவே முழங்கால் உயரத் தீ, விறகில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. நிரானோவில் சேற்றோடு வந்த அதே வாயு இங்கே சேறில்லாமல் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஊர்க்காரர்கள் இதை எரிமலை என்றே சொல்கிறார்கள். இன்னும் மேற்கே, ஃபிளாரன்ஸ் போகும் பழைய மலைச்சாலையில் இருக்கும் பியெத்ரமாலாவின் தீயைப் பார்க்க வோல்ட்டா 1780-இல் வந்தார். தரைக்குள் எரிமலையும் இல்லை, ஒன்றும் இல்லை, தன் ஏரிச் சேற்றில் கண்ட அதே எரிகாற்றுதான் என்று முடிவு சொன்னார். 1814-இல் ஹம்ஃப்ரி டேவி தன் இளம் உதவியாளர் மைக்கேல் ஃபாரடேயோடு அதே இடத்துக்கு வந்து வாயுவைப் பிடித்துப்போய் ஃபிளாரன்ஸில் சோதித்தார். அடுத்த ஆண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை அவர் செய்தபோது, சுரங்கத்தில் வெடிக்கிற அந்த வாயு அவருக்குப் பழைய பழக்கம்.

இப்போது நான் தேடி வந்த கல்.

செசேனாவிலிருந்து சாவியோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, பக்கத்து மேட்டில் திரும்பினால் சோலியானோ அல் ருபிகோனே வட்டாரத்து மோந்தேபெத்ரா. சுற்றிலும் மழை அரித்த சாம்பல் நிற மண்சரிவுகள். கத்தி முனை போன்ற வரப்புகள். அவற்றில் புல்கூட ஒட்டுவதில்லை. இந்த மென்மையான களிமண் பாறை, 60 லட்சத்திலிருந்து 1 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழ்கடலின் இருட்டில் மெல்ல மெல்லப் படிந்த சேறு. அதற்கு நடுவில் திடீர் திடீரென்று வீட்டளவு, வண்டியளவு சுண்ணாம்புக் கட்டிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கெட்டியான, பழுப்பும் சாம்பலும் கலந்த கல். கிட்டப் போனால் உடம்பெல்லாம் மட்டிகள். ஓடு கரைந்துபோய் அச்சு மட்டும் நிற்கிறது. பல என் உள்ளங்கையைவிடப் பெரியவை. பெரும்பாலானவை இரண்டு ஓடும் மூடியபடி, உயிரோடு இருந்த நிலையிலேயே இருக்கின்றன. அலை அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய சிப்பிக் குவியல் என்றால் இப்படி இருக்காது. ஓடுகள் பிரிந்து, உடைந்து, தேய்ந்திருக்கும்.

லூசினா என்பது இந்த மட்டியின் பழைய பெயர். 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புவியியலாளர்கள் இந்தக் கல்லுக்கே லூசினாச் சுண்ணாம்புக்கல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது அவர்களைப் படாதபாடு படுத்தியது. சுற்றியுள்ள களிமண் ஆழ்கடலுடையது; அதில் சந்தேகமில்லை. ஆழ்கடலில் உணவு அரிது. அங்கே இத்தனை பெரிய மட்டிகள் இத்தனை நெருக்கமாக எப்படி வாழ்ந்திருக்கும்? வெயில் படும் ஆழமற்ற கடலில் வளர்ந்த திட்டு உடைந்து, சரிந்து, ஆழத்தில் போய் விழுந்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். அங்கேயே கடல் மேடிட்டிருக்கும் என்றார்கள் வேறு சிலர். நூறாண்டு ஓடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல் சொன்னதைச் சரிபார்க்க உயிருள்ள சாட்சி ஒன்று வேண்டியிருந்தது. அது அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

சாட்சி கிடைத்தது 1984-இல், அட்லாண்டிக்குக்கு அப்பால். ஃபுளோரிடாச் செங்குத்துச் சரிவின் அடியில், மெக்சிகோ வளைகுடாவின் தரையில், 3,200 மீட்டருக்கும் கீழே ஆல்வின் இறங்கியது. சார்ல்ஸ் பால் குழுவினர் அங்கே மட்டிகளும் குழாய்ப்புழுக்களும் அடர்ந்த ஒரு திட்டைக் கண்டார்கள். ஏழாண்டுக்கு முன் கலாபகோஸ் அருகே வெந்நீர் ஊற்றில் கண்டவற்றின் உறவுக்காரர்கள்; ஆனால் இங்கே வெந்நீர் இல்லை. குளிர்ந்த கசிவு மட்டும். இருட்டில், சூரியனை நம்பாமல், வேதியியலைத் தின்று வாழ்கிற ஊர். அதற்குப் பிறகு உலகத்துக் கடலோரங்கள் பலவற்றில் இவை கிடைத்தன. பொலோன்யாவின் மார்க்கோ தவியானி 1994-இல் ரோமான்யாவின் மட்டிகளை மறுபடி எடுத்துப் பார்த்து, இவை ஆழ்கடல் குளிர் ஊற்றின் குடிகள், விழுந்தவை அல்ல, அங்கேயே வாழ்ந்தவை என்று எழுதினார்.

வேதியியலைத் தின்பது எப்படி என்று நண்பர் கேட்டார். காரின் முன்மூடியில் அவர் கொண்டுவந்த ரொட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

கீழிருந்து மீத்தேன் ஏறுகிறது. மேலிருந்து கடல்நீரின் சல்பேட் வண்டலுக்குள் இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் மட்டம் ஒன்று உண்டு. அமைதியான கடலடியில் அது பல மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஊற்று வலுவாக இருக்கும் இடத்தில் தரைக்குக் கீழே சில சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. இருந்தும் ஒரு கூட்டாளித்தனம் நடக்கிறது. மீத்தேனை உடைக்கும் ஆர்க்கியாவும் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று சுற்றிக் கொத்தாக வாழ்கின்றன. ஒரு மூலக்கூறு மீத்தேனுக்கு ஒரு மூலக்கூறு சல்பேட் செலவு. கிடைப்பது பைகார்பனேட், ஹைட்ரஜன் சல்ஃபைடு, தண்ணீர். இதில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு; இந்த உயிர்கள் இரட்டிக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் விளைவு பெரிது. பைகார்பனேட் பெருகியதும் கடல்நீரின் கால்சியம் அதோடு சேர்ந்து சுண்ணாம்பாக வண்டலுக்குள்ளேயே உறைகிறது. தரைக்குக் கிட்டே, சல்பேட் ஏராளமாக உள்ள இடத்தில் பெரும்பாலும் அரகோனைட். ஆழத்தில் சல்பேட் தீர்ந்த இடத்தில் டோலமைட். கனிமத்தைப் பார்த்தே கல் எந்த மட்டத்தில் உறைந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு வண்டலிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிறது. மோந்தேபெத்ராக் கல்லின் மேலுள்ள துருக்கறை அந்தப் பைரைட் காற்றுப்பட்டு உளுத்தது.

"அப்ப மட்டிக்கு என்ன கிடைக்குது?"

மட்டிக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், நம்மைக் கொல்லும் நஞ்சு. லூசினாக் குடும்பத்து மட்டிகள் செவுள்களுக்குள் பாக்டீரியாவைக் குடிவைத்திருக்கின்றன. சேற்றுக்குள் புதைந்தபடி நீண்ட காலை நீட்டிச் சுரங்கம் போல வளை தோண்டிச் சல்ஃபைடை இழுக்கின்றன. மேலிருந்து ஆக்ஸிஜனை இழுக்கின்றன. பாக்டீரியா இரண்டையும் வைத்து உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. வயிறே சிறுத்துப்போகும் அளவுக்கு மட்டி அதை நம்பியிருக்கிறது. இரண்டு ஓடும் மூடியபடி புதைந்த நிலையிலேயே இந்தக் கல்லில் அவை இருப்பதற்குக் காரணம் அதுதான். வாழ்ந்த இடத்திலேயே, சுற்றிலும் சேறு கல்லாக இறுக, முடிந்துபோயின.

நண்பர் கல்லைத் தட்டிப் பார்த்தார். "இது மீத்தேனால வந்தது எண்டதுக்கு என்ன ஆதாரம்? சும்மா சுண்ணாம்பாவும் இருக்கலாமே" என்றார். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கேள்வி சரியாக வந்தது.

ஆதாரம் கார்பனில் இருக்கிறது. இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு 99 பங்கு எடை 12. ஏறத்தாழ ஒரு பங்கு எடை 13. கடல்நீரிலிருந்து நேரே உறைந்த சாதாரணச் சுண்ணாம்பில் இந்த விகிதம் பன்னாட்டு அளவுகோலில் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். உயிர்கள் லேசான கார்பனையே விரும்பி எடுக்கும் என்பதால் செடிகொடிகளில் அது ஆயிரத்துக்கு 25 அளவுக்குக் குறைகிறது. நுண்ணுயிர் உண்டாக்கிய மீத்தேனில் 60 முதல் 110 வரை குறைகிறது. ஆழச்சூட்டில் உண்டான மீத்தேனில் 30 முதல் 50 வரை. லூசினாச் சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து அளந்தபோது கிடைத்தவை 20 குறைவிலிருந்து 50-ஐத் தாண்டிய குறைவு வரை. கடல்நீரின் கார்பனும் கொஞ்சம் கலந்த பிறகும் 50-ஐத் தாண்டிக் குறைகிறதென்றால், பூமியில் அதற்கு மீத்தேனைத் தவிர வேறு மூலம் கிடையாது.

இன்னொரு சாட்சியும் உண்டு. அதுவும் இத்தாலியக் கல்தான். பியெமொந்தேயின் மொன்ஃபெராத்தோ மலையில், நல்ல ஒயின் ஊர்களுக்கு நடுவே, மர்மொரீத்தோ என்ற இடத்தில் இதே காலத்துச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதிலிருந்து கொழுப்பு மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1999-இல் குரோசிட்டேன் என்ற ஆர்க்கியாக் கொழுப்பைக் கண்டார்கள். அதன் கார்பன்-13 ஆயிரத்துக்கு 100-க்கும் மேல் குறைவு. மீத்தேனைத் தின்றவன் உடம்பில்தான் அப்படி இருக்க முடியும். தின்னும் ஆர்க்கியாவையும் அதைச் சுற்றிய பாக்டீரியாவையும் ஒன்றாக நுண்ணோக்கியில் காட்டி, ஆன்ட்யே போயட்டியுஸ் குழு நேச்சர் இதழில் எழுதியது 2000-இல். மாதிரி எடுத்த இடம் ஓரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் மேடு. உயிருள்ள கூட்டாளிகளைப் படம் பிடிப்பதற்கு முந்திய ஆண்டே இறந்தவர்களின் கொழுப்பு இந்த மலைக்கல்லில் வாக்குமூலம் கொடுத்துவிட்டது. புவியியலில் பெரும்பாலும் உயிருள்ளதை வைத்துத்தான் இறந்ததைப் படிப்பார்கள். ஃபுளோரிடா விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. மர்மொரீத்தோவில் கொடுக்கல் வாங்கல் திரும்பிவிட்டது.

மீத்தேன் கசிவு என்றதும் பத்திரிகைகளில் உடனே வருவது வெடிகுண்டு உவமைதான்: கடலடி ஹைட்ரேட் எல்லாம் உருகி வானத்தைச் சூடாக்கப் போகிறது என்று. மோந்தேபெத்ராவில் நின்றால் அந்தக் கதையில் ஒரு பக்கம் விடுபட்டிருப்பது தெரியும். கடல்வண்டலில் உண்டாகும் மீத்தேனில் மிகப் பெரும்பகுதியை இந்த நுண்ணுயிர்க் கூட்டாளிகள் தரையைத் தாண்டவே விடுவதில்லை. தாண்டியதிலும் பெரும்பகுதி ஆழமான நீரிலேயே கரைந்து, அங்குள்ள பாக்டீரியாவால் தின்னப்படுகிறது. என் முன்னால் நின்ற வீட்டளவுக் கல் முழுக்க, வானத்துக்குப் போகாமல் பிடிபட்ட மீத்தேனின் கார்பன். ஆழமற்ற கடலிலும், நிரானோ போன்ற நிலத்து ஊற்றுகளிலும் இந்தக் காவல் இல்லை, அல்லது பற்றாது. குமிழி நேரே காற்றுக்குப் போய்விடும்.

அப்படி இயற்கையாகப் போவது மொத்தம் எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை. நிரானோ உட்பட உலகம் முழுக்க ஊற்றுகளில் அளவுப்பெட்டி வைத்துத் திரிந்த இத்தாலியர் ஜூசெப்பே எத்தியோப்பே ஆண்டுக்கு 4 கோடி முதல் 6 கோடி டன் என்று கணக்குச் சொல்கிறார். பனிப்பாளத்தில் சிக்கிய பழைய காற்றின் கார்பன்-14-ஐ அளந்த குழு ஒன்று 2020-இல் வெளியிட்ட கணக்கில் அது 54 லட்சம் டன்னுக்கு மேல் இருக்க முடியாது. பத்து மடங்கு வித்தியாசம். இரண்டு பக்கமும் கவனமான வேலைதான். பனிக்கணக்கு சரியென்றால் காற்றிலுள்ள மீத்தேனில் நம் எண்ணெய்க் கிணறும் குழாயும் சுரங்கமும் கசியவிட்ட பங்கு நினைத்ததைவிடப் பெரிது. எப்படிப் பார்த்தாலும் மனிதன் தான் விடுவதை நிறுத்தாமலிருக்க இயற்கை ஊற்றைக் காரணம் காட்டித் தப்ப முடியாது.

இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தூரத்தில் ஜிப்சம் பாறை மேடு வெள்ளையாகத் தெரிந்தது. அது பின்னால் வந்த கதை: 59 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் வாசல் அடைபடத் தொடங்கி, நீர் ஆவியாகி உப்பும் ஜிப்சமும் படிந்த காலம். அதைச் சொல்ல இன்னொரு பயணம் வேண்டும்.

"எங்கட கடலிலையும் உப்பிடிக் கல் இருக்குமோ அண்ணை?" என்றார் நண்பர். அவர் ஊருக்குக் கிட்ட மன்னார் படுகையில் 2011-இல் இரண்டு கிணறுகளில் இயற்கை வாயு கண்டார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. வங்கக்கடல் கதையை நான் சொன்னேன். 2006-இல் ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் கப்பல் கிருஷ்ணா-கோதாவரி கழிமுகத்துக்கு அப்பால் துளைத்தபோது ஒரே இடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் உள்ள படுகை கிடைத்தது. அதன் பக்கத்திலேயே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில், மரியோன் துஃப்ரென் கப்பல் எடுத்த வண்டல் உருளையில் ஊற்று மட்டிகளின் ஓடுகளும் மீத்தேன் கார்பன் ஏறிய சுண்ணாம்புக் கட்டிகளும் இருந்தன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அனிந்தா மஜும்தார் குழு 2009-இல் அதை எழுதியது. பத்தாண்டு கழித்து அதே குழு, சிந்து சாதனா கப்பலில் போய், 1,750 மீட்டருக்கும் கீழே இன்னும் உயிரோடு கசிந்துகொண்டிருக்கும் ஊற்றையும் அதைச் சுற்றி வாழும் உயிர்களையும் கண்டதாக அறிவித்தது. மோந்தேபெத்ராவில் கல்லாகி முடிந்த வேலை கோதாவரிக்கு வெளியே இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ரோமான்யாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்கு மறுநாள் போகாதீர்கள். அந்தக் களிமண் காலை விடாது. நிலம் யாருடையதோ, கேட்டுவிட்டு நுழையுங்கள். சுத்தியலை வீட்டிலேயே வையுங்கள். இந்தக் கல்லில் எந்த மட்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதே ஆய்வாளருக்குப் பாதிச் செய்தி. ஒரு துண்டை உடைத்துப் பைக்குள் போட்டால் அது வெறும் சுண்ணாம்பு.